பின்னால் போகாத ஜீப்

பீர்மேட்டுப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு இறங்கும் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால் ஒன்று பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர், மறுபக்கம் பள்ளம். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். எங்கள் டாக்டரம்மாவுக்கும் தெரியும். அவர் ஜீப்பில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் பல வருஷம் போயிருக்கிறேன். முதல் நான்கு வருஷத்தில் அவர் ஒருவருக்கும் வழிவிட்டுப் பின்னால் போனதில்லை.

நான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, கோட்டயத்தில் படித்து, திரும்பவும் மலைக்கே வேலைக்கு வந்தவள். எழுபதுகளின் தொடக்கம் அது. வண்டிகள் குறைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் வண்டியை, வருகிற விதத்தை வைத்தே யாருடையது என்று சொல்லிவிடலாம். மானேஜர் துரையின் கறுப்புக் கார் நடுரோட்டில் நிதானமாக வரும், ஹாரனே அடிக்காது. தான் வருவது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தக் காருக்கு ஒரு நினைப்பு. விறகு காண்ட்ராக்டரின் ஜீப் கோழிக்கும் நிற்கும், நடந்து போகிற கிழவிக்கும் நிற்கும், நின்றால் கிளம்பாது. காண்ட்ராக்டர் ஊர்க்கதை பேசி முடிக்க வேண்டும். சர்க்கார் பஸ் வளைவுக்கு முன்னால் ஒரு தடவை, வளைவில் ஒரு தடவை, நேர்ரோட்டிலும் ஒரு தடவை ஹாரன் அடிக்கும். அதன் டிரைவரும் சொன்னதையே மூன்று தடவை சொல்கிற ஆள். பச்சைக் கொழுந்து ஏற்றுகிற லாரியைத் தங்கையா ஓட்டினார். ஆறடி உயரம், மெதுவான பேச்சு. அவர் லாரியும் அப்படித்தான். நாம் கேட்பதற்கு முன்பே ஓரம் கட்டி நிற்கும்.

டாக்டரம்மாவின் ஜீப் வேறு ஜாதி. தூரத்தில் வரும்போதே அதன் ஹாரன் ஒரே மூச்சாக ஒலித்துக்கொண்டு வரும். தண்ணீர் தேங்கிய குழியைக் கண்டால் வேகம் குறையாது. நடந்து போகிறவர்கள் தேயிலைச் செடிக்குள் ஏறி நின்றுகொள்வார்கள். ஒரு பொங்கலன்று தலைமைக் கங்காணியின் புது வேட்டி முழங்கால் வரை செம்மண் ஆகிவிட்டது. மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்கே வந்து நியாயம் கேட்டார்.

"ஹாரன் அடிச்சேனோல்லியோ?" என்றார் டாக்டரம்மா, அவருடைய நாடியைப் பிடித்தபடியே. "காது கேக்காட்டா சொல்லுங்கோ, காதப் பாத்துடறேன்."

கங்காணி காதைக் காட்டாமலே போய்விட்டார்.

டாக்டரம்மா பாலக்காட்டுக்காரர். கல்பாத்திப் பக்கத்துத் தமிழ். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நூல்புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஆண்கள் போடுகிற கான்வாஸ் ஷூவோடு ஜீப்பில் ஏறுவார். ஏறிய கணத்தில் முகம் மாறிவிடும். தாடை இறுகும்; கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிடும். இதே மனுஷி வார்டில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பிரசவ வலியில் கத்துகிறவளின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, நமக்கு என்ன அவசரம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். லயத்து வீட்டுக்குள் நுழையும் முன் கதவைத் தட்டி, உள்ளிருந்து பதில் வரும்வரை வெளியே நிற்கிற ஒரே உத்தியோகஸ்தர் அவர்தான். இந்த இரண்டு பேரில் எது நிஜம் என்று லயத்தில் பேச்சு வரும். ஜீப்பில் இருப்பதுதான் நிஜம், வார்டில் இருப்பது படிப்பு என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள்.

ஒரு தடவை சர்க்கார் பஸ்ஸோடு தகராறு. பஸ் ஏறி வருகிறது, நாங்கள் இறங்குகிறோம். நியாயப்படி நாங்கள்தான் ஒதுங்க வேண்டும். எங்களுக்குப் பின்னால் அகலமான இடம் பக்கத்திலேயே இருந்தது. டாக்டரம்மா இன்ஜினை அணைத்தார். கைப்பையிலிருந்து ஒரு மருத்துவப் பத்திரிகையை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டார். பஸ் மூன்று தடவை ஹாரன் அடித்தது. பிறகு கண்டக்டர் இறங்கி வந்தார்.

"டாக்டரே, நாற்பது பேர் உண்டு. நீங்க கொஞ்சம் பின்னால எடுத்தா..."

"நான் எதுக்குப் போணும்? உங்க வண்டிக்கும் ரிவர்ஸ் கியர் இருக்கோல்லியோ?"

"ஏறி வர்ற வண்டிக்கு..."

"எனக்கு ஆயிரம் ஜோலி இருக்கு. நீங்க யோசிச்சுச் சொல்லுங்கோ, நான் படிச்சிண்டிருக்கேன்."

பயணிகள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அந்தப் பெரிய பஸ் முக்கி முனகிக்கொண்டு, கண்டக்டர் பின்னால் நின்று தட்டித் தட்டி வழிகாட்ட, வளைவு தாண்டிப் பின்னால் போனது. நாங்கள் அதை உரசிக்கொண்டு இறங்கினோம். டாக்டரம்மா டிரைவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அது தப்பு என்று தெரியும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் அதில் ஒரு குஷி இருந்தது. துரை காரே எங்களுக்காகப் பின்னால் போயிருக்கிறது. கொழுந்து கிள்ளுகிறவள் மகள் நான், அந்த முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு, துரையின் கார் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒதுங்குகிற வண்டிகளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எண்ணிச் சொல்லுவேன்.

கொஞ்ச நாளில் யாருமே வாதாடுவதை விட்டுவிட்டார்கள். அந்த ஹாரன் கேட்டதும் எதிரே வருகிற வண்டி தானாகவே பின்னால் நகர ஆரம்பித்துவிடும். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவாத்துக் காலத்தில் ஒருநாள் பிற்பகல், கீழ் டிவிஷனுக்குத் தடுப்பூசி போடக் கிளம்பினோம். மஞ்சு இறங்கியிருந்தது. பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. அதற்காக டாக்டரம்மா வேகத்தைக் குறைத்தார் என்றில்லை. ஹாரனைக் கூட்டிக்கொண்டார், அவ்வளவுதான். இரட்டைப் பாறை வளைவு தாண்டியதும் எதிரே இரண்டு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. லாரி. ஏறி வந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா நிறுத்திவிட்டு நீளமாக ஹாரன் அடித்தார். வெளிச்சம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு மெல்ல மெல்லப் பின்னால் போய் மஞ்சுக்குள் மங்கியது.

"தங்கையா ஆக்கும்," என்றார் டாக்டரம்மா. "சமத்து. சொல்லாமலே போறான் பாரு."

ஜீப்பை முதல் கியரில் போட்டு லாரியைத் தள்ளிக்கொண்டு போவதுபோல் பின்தொடர்ந்தார். கீழே ஒதுங்கும் இடம் இரண்டு வளைவு தாண்டி இருந்தது. லாரி முதல் வளைவைக் கடந்தது. இரண்டாவது வளைவில் ஒரு பெரிய சத்தம். கல் உருளுகிற சத்தம். இன்ஜின் அலறுகிற சத்தம். பின்சக்கரம் ஓரத்து ஓடைக்குள் இறங்கிவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மழைக்குப் பிறகு அந்த ஓரம் இளகிக் கிடந்தது.

மஞ்சைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண் எங்களை நோக்கி ஓடிவந்தாள். செல்லத்தாய். கீழ் டிவிஷன்காரி, எனக்கு நன்றாகத் தெரிந்தவள். கொழுந்துச் சாக்கை இடுப்பில் கட்டியபடியே இருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பாக இருந்தது.

"அம்மா, எங்க வீட்டு ஆளு கவாத்துக் கத்தியால தொடையில வெட்டிக்கிட்டாவ. ரத்தம் நிக்க மாட்டேங்கு. ஒங்ககிட்டதாம்மா கொண்டுக்கிட்டு வந்தோம்."

டாக்டரம்மா குதித்து இறங்கி ஓடினார். நான் பெட்டியோடு பின்னால் ஓடினேன். லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பின்னால் கொழுந்து மூட்டைகளுக்கு நடுவே செல்லத்தாயின் புருஷன் கருப்பசாமி படுத்திருந்தார். தொடைக்கு மேலே துண்டை இறுக்கிக் கட்டி, குச்சியைச் செருகி முறுக்கியிருந்தார்கள். உதடு வெளுத்துப் போயிருந்தது. டாக்டரம்மா அவர் இடுப்புமடிப்பில் முஷ்டியை வைத்து அழுத்தினார்.

"எப்போ கட்டினது இது?"

"கவாத்துக் காட்டுல இருக்கும்போதே கட்டியாச்சும்மா. ரோட்டுக்குத் தூக்கிட்டு வரவே நேரமாயிட்டு, ஒண்ணரை மணி நேரம் தாண்டிருக்கும்," என்றார் தங்கையா.

"நீ ஏன் எங்கிட்ட இறங்கி வந்து சொல்லலை?"

தங்கையா அவரை நேராகப் பார்த்தார். குரல் உயரவில்லை. "ஒங்ககிட்ட வந்து, சொல்லி, நீங்க கேட்டு... அதுக்குப் பின்னால போறதே சுருக்கா முடியும்னு நெனச்சேன்மா."

"இவர ஜீப்புக்குத் தூக்குங்கோ," என்றார் டாக்டரம்மா.

கருப்பசாமியை லாரியில் கூட வந்த நாலுபேர் தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பின் பின்னால் படுக்க வைத்தார்கள். என் கையை டாக்டரம்மா பிடித்து, தான் அழுத்தின இடத்தில் வைத்தார். "விடாதே," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினார். கீழே லாரி வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஆஸ்பத்திரி மேலே. திருப்ப இடம் இல்லை. இருநூறு அடி பின்னால் ஏறினால் இரட்டைப் பாறைக்குப் பக்கத்தில் அகலமான இடம். அங்கே திருப்பிக்கொண்டு பறந்துவிடலாம்.

இன்ஜின் உறுமியது. கியர் கடகடவென்று உரசியது. ஜீப் முன்னால் துள்ளியது. பிரேக். மறுபடியும் கியர் உரசுகிற சத்தம். மறுபடியும் முன்னால். எதிரே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். மூன்றாவது தடவை எப்படியோ கியர் விழுந்தது. ஜீப் பின்னால் ஒரு கஜம் போனது, போன வேகத்தில் பள்ளத்துப் பக்கம் திரும்பியது. பின்சக்கரத்தின் கீழிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்து, கீழே எங்கேயோ மரத்தில் மோதுகிற சத்தம் கேட்டது. என் முஷ்டிக்குக் கீழே கருப்பசாமியின் நாடி குதித்தது. நான் இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

டாக்டரம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"தங்கையா, எனக்கு ரிவர்ஸ் எடுக்க வராது. நீ வா."

அதைச் சொன்ன குரல் வார்டில் நான் கேட்கிற குரல். டாக்டரம்மா சீட்டைத் தாண்டிப் பின்னால் வந்தார். தங்கையா முன்னால் ஏறினார். ஒரு கையை சீட்டின் முதுகில் போட்டுக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, அந்த மஞ்சுக்குள் இருநூறு அடியையும் நூல் பிடித்ததுபோலப் பின்னால் ஏற்றினார். பாறையடியில் ஒரே திருப்பு. பிறகு அவர் ஓட்டிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வாழ்நாள் முழுவதும் ஒதுங்கி ஒதுங்கியே ஓட்டிய மனுஷன், அன்றைக்கு டாக்டரம்மாவின் ஹாரனை ஒரே மூச்சாக அழுத்தியபடி, குழி பார்க்காமல், ஆள் பார்க்காமல் ஓட்டினார். எல்லாரும் செடிக்குள் ஏறினார்கள். டாக்டரம்மா பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, கருப்பசாமியின் காதருகே, "மெதுவா, மெதுவா, நமக்கு என்ன அவசரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பெரிய ரத்தக் குழாய் தப்பியிருந்தது. அதன் கிளை ஒன்றுதான் அறுந்திருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கட்டித் தைத்து முடிக்கும்போது வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உயிருக்குப் பயமில்லை. ஆனால் துண்டு அவ்வளவு நேரம் இறுகியிருந்ததில் அந்தப் பாதம் மரத்துப் போயிருந்தது. ஊசியால் குத்தினால் தெரியவில்லை.

கை கழுவுகிற இடத்தில் டாக்டரம்மாவும் நானும் மட்டும் நின்றோம். எனக்குள் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி முற்றத்தின் நடுவில் இருந்த பூப்பாத்தியை வந்த மாதமே எடுக்கச் சொன்னாரே, அது ஜீப் ஒரே வட்டமாகச் சுற்றி வெளியேறுவதற்கு. ரோடு முடிகிற மூன்றாம் டிவிஷனுக்குப் போகும்போது அரைமைல் முன்னாலேயே, வட்டமடித்துத் திருப்ப இடமிருக்கிற கொழுந்துக் களத்தில் வண்டியை விட்டுவிட்டு நடப்பாரே, அது நாங்கள் நினைத்ததுபோல் உடற்பயிற்சிக்காக இல்லை. பஸ்ஸுக்கு முன்னால் பத்திரிகை படித்தாரே, அன்றைக்கு ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

"நான் இங்க சேர்ந்த அன்னிக்கு துரை கேட்டார்," என்று அவரே ஆரம்பித்தார், சோப்பைத் தேய்த்துக்கொண்டே. "பொம்மனாட்டி இந்த மலையில ஜீப் ஓட்டுவாளான்னு. ஓட்டுவேன்னேன். எங்க அண்ணா பாலக்காட்டுல பதினஞ்சு நாள் கத்துக்குடுத்தான். எல்லாம் நேர் ரோடு. முன்னால போறதுக்கு மட்டுந்தான் நாள் இருந்தது. இங்க வந்தப்பறம் யார்கிட்டப் போய்க் கேக்கறது, பொன்னம்மா? ஒரு தடவ தெரியாதுன்னு சொன்னா சாவிய வாங்கிண்டுடுவா. அப்பறம் ராத்திரி ஒருத்திக்கு வலி எடுத்தா, துரையோட டிரைவர் சாப்ட்டு எழுந்து வரவரைக்கும் நான் வாசல்ல நிக்கணும்."

எனக்கு அது புரிந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. ரிவர்ஸ் தெரியாதது ஒன்று. அதை மறைக்க எதிரே வந்தவர்களையெல்லாம் மட்டமாக நடத்தியது வேறொன்று. பஸ் டிரைவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டிருந்தால் அவர் சந்தோஷமாகப் பின்னால் போயிருப்பார். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எண்ணிக்கை சொல்லிக் குதூகலித்தவள் நானும்தானே. தண்ணீரை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வார்டில் கருப்பசாமி கண் விழித்திருந்தார். செல்லத்தாய் பக்கத்தில் நின்று கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தங்கையாவும் பார்க்க வந்திருந்தார். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நேராக நின்றுகொண்டார்.

"நடக்கலாம். ஆனா இந்தப் பாதம் பழையபடி ஆகாது. இழுத்துத்தான் நடக்கணும். துண்டு ரொம்ப நேரம் கட்டியிருந்தது. நேத்து நான் வழிவிட்டிருந்தா கால்மணி முன்னாடி வந்திருப்பேள். தப்பு என்னோடது."

கருப்பசாமி பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார். "அய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதிய டாக்டரம்மா."

செல்லத்தாய் அவரை ஒரு கையால் அமுக்கிப் படுக்க வைத்தாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா ஒதுங்கல?"

"எனக்குப் பின்னால எடுக்கத் தெரியாது."

"நாலு வருசமாவா?"

"ஆமாம்."

செல்லத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்; திட்டுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

"இப்பம் தெரியுமா?"

"தெரியாது."

"படிச்சிக்கிடுங்க," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை மறுபடியும் கையில் எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்டரிக்குக் கீழே இருக்கும் பந்து மைதானத்தில் டாக்டரம்மாவின் ஜீப் நின்றது. தங்கையா நான்கு தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவந்து இரண்டு வரிசையாக வைத்தார். விஷயம் எப்படியோ பரவி, லயமே திரண்டு வந்துவிட்டது. ஆண்கள் மேட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள்; பெண்கள் முறத்தோடும் பின்னல் வேலையோடும் வந்தார்கள். தலைமைக் கங்காணி நாற்காலியே போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

முதல் பெட்டி நொறுங்கியபோது மேட்டில் ஒரு ஆரவாரம் எழுந்தது. டாக்டரம்மா தலையை வெளியே நீட்டி, "யாரு சிரிச்சது? நாளைக்கு ஊசி போட வருவேன், ஞாபகம் வெச்சுக்கோங்கோ," என்றார். அது இன்னும் பெரிய சிரிப்பைக் கிளப்பியது. தங்கையா மட்டும் சிரிக்கவில்லை. அந்த மெதுவான மனுஷன் அந்த மைதானத்தில் வாத்தியாரைவிடக் கறாராக இருந்தார்.

"கண்ணாடியப் பாத்து எடுக்காதிய. திரும்பிப் பாருங்க. பின்னால யாரு நிக்காவன்னு கண்ணால பாருங்க."

"கழுத்து வலிக்கறது, தங்கையா."

"வலிக்கட்டும்மா. இன்னும் ஒரு தடவ."

நான்கு ஞாயிறு, ஏழு பெட்டி. ஐந்தாவது ஞாயிறு அவர் இரண்டு வரிசைக்கும் நடுவே தொடாமல் பின்னால் வந்து நிறுத்தியபோது கங்காணியே எழுந்து நின்று கைதட்டிவிட்டார். என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். தேர் நிலைக்கு வந்ததுபோல ஒரு சந்தோஷம் அன்றைக்கு.

ரிவர்ஸ் படித்ததும் டாக்டரம்மா சாதுவாகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்னெல்லாம் அவர் கடந்து போனதும் முதுகுக்குப் பின்னால் நான்கு வார்த்தை திட்டிக்கொள்ளும் சௌகரியம் ஜனங்களுக்கு இருந்தது. அதுவும் போயிற்று. காதில் விழுந்தால் ஜீப் அப்படியே அதே வேகத்தில் பின்னால் வந்து நிற்கும். "என்ன சொன்னேள்? இன்னொரு தடவ சொல்லுங்கோ," என்று கேட்டுவிட்டுப் போவார். குழியில் வேகம் குறைக்க ஆரம்பித்தார், அது உண்மை. ஹாரன் அப்படியேதான் இருந்தது. ஜீப்பில் இருப்பவர் வேறு, வார்டில் இருப்பவர் வேறு என்கிற பேச்சு மட்டும் லயத்தில் நின்றுபோனது. பயந்த மனுஷி சத்தமாகத்தான் ஓட்டுவாள் என்று என் அம்மா ஒருநாள் சொன்னாள். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

கருப்பசாமியை வீட்டுக்கு அனுப்பிய நாள் அந்த ஐந்தாவது ஞாயிறு முடிந்து இரண்டு நாள் கழித்து. தங்கையா லாரியில் கொண்டுவிடுகிறேன் என்றார். டாக்டரம்மா சம்மதிக்கவில்லை. கருப்பசாமியையும் செல்லத்தாயையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தானே கிளம்பினார். மஞ்சு இல்லாத வெயில்நாள். இரட்டைப் பாறையைத் தாண்டி இறங்கும்போது எதிரே கறுப்புக் கார் ஏறி வந்தது. மானேஜர் துரை பின்சீட்டில் இருந்தார்.

எங்கள் ஜீப்பைக் கண்டதும் துரையின் டிரைவர் வழக்கம்போலக் காரைப் பின்னால் எடுக்க ஆரம்பித்தார். டாக்டரம்மா இரண்டு தடவை சுருக்கமாக ஹாரன் அடித்து, கையை வெளியே நீட்டி, நில் என்று காட்டினார். கார் நின்றது. டிரைவர் முகத்தில் ஒரே கலவரம். என்ன தப்புச் செய்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். கியரை மாற்றினார், உரசல் சத்தம் இல்லை. உடம்பை முழுவதும் திருப்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் பார்த்தால் ரோட்டைவிட முதலில் செல்லத்தாயின் முகம்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். ஜீப் மேட்டில் பின்னால் ஏற ஆரம்பித்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை மண்சுவரில் உரசியது; விலகிப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது; நேரானது. மறுபடியும் சுவரில் இடித்தது. கருப்பசாமி கண்ணை மூடிக்கொண்டார். செல்லத்தாய் மூடவில்லை. புருஷனின் காலைத் தன் மடியில் பிடித்து வைத்துக்கொண்டு டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, மேலுதட்டில் வேர்வை. இருநூறு அடி. பாறையடியில் ஓரமாக ஜீப் நின்றது.

கார் மெல்ல ஏறிவந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. துரை கண்ணாடியை இறக்கினார்.

"டாக்டர், வண்டியில் ஏதாவது கோளாறா?"

"ஒண்ணுமில்லை. நீங்க ஏறி வரேள். வழி உங்களோடது."

துரை தொப்பியைத் தொட்டார். கார் போய்விட்டது. டாக்டரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டார்.

"பாத்தியா, செல்லத்தாய்?"

"பாத்தேன்," என்றாள் செல்லத்தாய். "ரெண்டு எடத்துல இடிச்சிட்டிய."

நானும் இரண்டு என்றுதான் எண்ணியிருந்தேன்.

"மூணு," என்றார் டாக்டரம்மா. முதல் கியரைப் போட்டு, வண்டியை மெதுவாகக் கீழே இறக்கினார்.